ஒரு பனியனின் உப்புக் கணக்கு

1998-ஆம் ஆண்டு, படிப்பு முடிந்த கையோடு, திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு கிலோ துணிக்குச் சாயம் ஏற்ற என்ன செலவாகிறது என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு முதலாளியிடம் காட்டுவதுதான் என் பொறுப்பு. சாயம், சோடா, உப்பு, விறகு, மின்சாரம், ஆள் கூலி, லாரித் தண்ணீர் என்று அந்தத் தாளில் வரிசையாக இனங்கள் இருக்கும். சாயத்துக்குப் பக்கத்தில் எழுதும் தொகையைப் பார்த்தால் பதற்றமாக இருக்கும். உப்புக்குப் பக்கத்தில் எழுதுவது மட்டும் எப்போதும் சில்லறையாகவே இருக்கும். வேலை முடிந்ததும் தொட்டியிலிருந்து திறந்துவிடப்படும் நீருக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. அது செலவில்லாமல் போய்விடுகிறது என்பதால் அதை எழுத வேண்டிய தேவை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறியாதவன் அல்லன் நான். என் அம்மாவைப் பெற்ற அப்பிச்சியின் நிலம், நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. பட்டறையில் நான் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கிழக்கே அவருடைய கிணற்றில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. பொருளாதாரம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தத் தாளும் அந்தக் கிணறும்தான்.

முதலில் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூர் என்றாலே எல்லோரும் சாயத்தையும் ஆற்றில் ஓடிய வண்ண நீரையும்தான் நினைக்கிறார்கள். ஆனால் நொய்யலைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கே உரியது. பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் வகைச் சாயங்களைப் பயன்படுத்துகிறோம். நீரில் நனைந்த பருத்தி இழையும் எதிர்மின்னேற்றம் கொள்கிறது, கரைந்த சாயமும் எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கிறது; எனவே இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. நீரில் உப்பைக் கரைத்தால் அந்த விலகல் தணிந்து, சாயம் இழையை நெருங்குகிறது. பிறகு சோடா சேர்த்ததும் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. சாயத்தில் ஒரு பகுதி இழைக்குப் பதிலாக நீரோடு வினைபுரிந்து வீணாகிக் கழிவோடு போய்விடும். உப்போ எதனோடும் வினைபுரிவதில்லை. தொட்டியில் எவ்வளவு கொட்டினோமோ அவ்வளவும் கழிவோடு வெளியேறியே தீரும்.

அடர்ந்த நிறம் ஒன்றுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்நாளில் பரவலாக இருந்த வின்ச் எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்குக் குறைந்தது பத்து லிட்டர் நீர் பிடிக்கும். ஆக, ஒரு கிலோ துணிக்கு 600 கிராம் உப்பு. 200 கிராம் எடையுள்ள ஒரு பனியனுக்கு 120 கிராம். ஒரு நாளைக்கு ஒரு டன் துணி சாயமேற்றும் சிறிய பட்டறைகூட அரை டன்னுக்கு மேல் உப்பை ஆற்றில் விட்டிருக்கும். அப்படிப்பட்ட பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

உப்பை இவ்வளவு கொட்டியதற்குச் சாய மாஸ்டர்களின் அறியாமை காரணமன்று. சாயம் விலை கூடியது, உப்பு மிக மலிவு. உப்பைத் தாராளமாகச் சேர்த்தால் சாயம் வீணாவது குறையும். கழிவை வெளியேற்றக் காசு கேட்பார் யாருமில்லை என்னும்போது, அதுவே கணக்கறிந்த எவரும் எடுக்கும் முடிவு. நீர் குறைவாகப் பிடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ எந்திரங்கள் அப்போதே சந்தையில் இருந்தன. அவற்றை வாங்கப் பணம் போட்டால் மிச்சமாவது மலிவான உப்பும் மலிவான நீரும்தான் என்று நானே முதலாளிக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். வாங்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்ததில் என் தாளுக்கும் பங்குண்டு. தொழில்நுட்பம் இல்லாததால் ஆறு கெட்டது என்று யாராவது சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடியாமற்போவது இதனால்தான்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊருக்கருகே காவிரியில் கலக்கிறது. ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் ஆறன்று. மழைக்காலத்தில் மட்டும் நீரைக் கண்டு, மீதி நாட்களில் குளங்களையும் கிணறுகளையும் நம்பி வாழும் படுகை அது. அந்த மழைநீரைத் தேக்கி ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் கொடுக்கவே சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அணை பயன்பாட்டுக்கு வந்தது. திருப்பூரின் ஏற்றுமதி வேகமெடுத்ததும் அதே காலம்தான். ஓடும் ஆறாக இருந்திருந்தால் மழைக்கு மழை கொஞ்சமேனும் கழுவிச் சென்றிருக்கும் உப்பை, பாசனத்துக்காகக் கட்டிய அணை தேக்கி வைத்துக்கொண்டது. தேங்கிய நீர் கீழிறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை அடைந்தது. நிலத்துக்கு நீரைக் கொடுக்க வந்த அணை, சில ஆண்டுகளிலேயே ஒரு பெரிய சாயக்கழிவுத் தொட்டியாக மாறிவிட்டது.

அப்பிச்சி மஞ்சளும் நெல்லும் வைத்திருந்தவர். வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்தபோது தேங்காய் உடைத்துக் கும்பிட்டதாக அவர் மனைவி, என் அம்மிச்சி சொல்வார். பிறகு மஞ்சள் இலை ஓரம் கருகத் தொடங்கியது. நெல்லை விட்டுச் சோளத்துக்கும், சோளத்தை விட்டுத் தென்னைக்கும் மாறினார். தென்னையும் குரும்பையிலேயே உதிர்ந்தது. மாடுகள் கிணற்றுநீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. காய்ந்த பாத்தியின் வரப்போரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கிடந்ததை நான் விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் பட்டறைக்கு மூட்டை மூட்டையாக வந்திறங்கிய அதே பொருளின் சுவை.

திருப்பூருக்கு மேற்கேயும் வடக்கேயும் இருந்த ஊர்களில் நடந்தது நேர்மாறு. அங்கே கிணற்றில் நல்ல தண்ணீர் வைத்திருந்த விவசாயிகள் பலர் அதை லாரிக்காரர்களுக்கு விற்றார்கள். வெள்ளாமை வைப்பதைவிட அதில் வருமானம் கூடுதலாக இருந்தது. ஒரே தொழில், ஊருக்கு ஒருபுறத்தில் தண்ணீருக்கு விலை கொடுத்து வாங்கியது. மறுபுறத்தில் அதே தண்ணீரை விலையில்லாமல் கெடுத்துவிட்டது. சந்தை செயல்படவில்லை என்று இதைச் சொல்ல முடியாது. விலை இருந்த இடத்தில் அது மிக நுட்பமாகச் செயல்பட்டது. விலை இல்லாத இடத்தில் அப்பிச்சி நின்றுகொண்டிருந்தார்.

முதலில் வந்த தீர்வும் தொழில்நுட்பம்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1990-களின் பிற்பகுதியில், வழக்குகளின் அழுத்தத்தால், பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு, நிறத்தையும் கசடையும் படியவைத்து, தெளிந்த நீரை ஆற்றில் விடுவதே அவற்றின் முறை. பார்வைக்கு நீர் தெளிந்துதான் இருந்தது. ஆனால் அந்த முறையால் கரைந்த உப்பை எடுக்க முடியாது. சேர்க்கும் வேதிப்பொருள்களால் அது சற்றுக் கூடவும் செய்யும். கரைந்திருக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு; சாயக்கழிவு அதைப்போல் சில மடங்கு இருக்கும். உப்பை நீக்கும் சவ்வூடு முறை (ஆர்.ஓ.) அன்றும் தெரிந்ததே. ஆனால் அதற்குச் செலவு அதிகம் என்பதால், செலவு குறைந்த முறையைக் கட்டிவிட்டுச் சுத்திகரிப்பு நடக்கிறது என்று எல்லோரும் நம்பினோம். குறைந்தது, நம்புவதாகச் சொன்னோம்.

நொய்யல் பாசன விவசாயிகளின் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தோல் தொழிற்சாலைகளால் பாலாறு கெட்ட வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-லேயே இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றிருந்தது. அத்தீர்ப்பையொட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யலின் பாதிப்பையும் கணக்கிட்டு, ஏறத்தாழ 28,600 விவசாயிகளுக்கு 25 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொகையை இழப்பீடாக நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு விவசாயிக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வராது. கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பணத்தில் ஒரு கிணற்றைத் தூர் வாரக்கூட முடியாது. உப்பேறிய மண்ணை மீட்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

2006 டிசம்பரில் வந்த உயர் நீதிமன்ற ஆணையில் எனக்கு இன்றும் மிக முக்கியமாகப் படுவது, கழிவுக்கு முதன்முறையாக ஒரு விலை வைக்கப்பட்டதுதான். 2007 ஜனவரி முதல் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா என்று கட்டணம் விதித்து, அதே ஆண்டு ஜூலைக்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை அடைய வேண்டும் என்று நீதிமன்றம் கெடு வைத்தது. என் தாளில் இல்லாத வரியை நீதிமன்றம் எழுதிக் கொடுத்தது என்றே அன்று நினைத்தேன். ஆனால் கணக்கு அத்தனை எளிதாக முடியவில்லை. கழிவை முழுவதும் மீட்டு மறுபடி பயன்படுத்த லிட்டருக்குப் பதினைந்து பைசாவுக்கு மேல் ஆகும். பல நிலையங்களில் இருபதைத் தாண்டும். மீட்பதற்கு இருபது பைசா, ஆற்றில் விடுவதற்குப் பத்து பைசா என்றால், கணக்குத் தாள் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டணம் தற்காலிக ஏற்பாடாகத்தான் விதிக்கப்பட்டது. ஆனால் கெடுக்கள் நீண்டுகொண்டே போனதால், அது கழிவு விடுவதற்கான வாடகையைப் போல ஆகிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் ஆணையை உறுதி செய்த பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

2011 ஜனவரி 28-ஆம் நாள், எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அந்த மாதங்களை நான் எளிதில் கடந்துபோக மாட்டேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருந்த தொழிலாளர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். கடன் வாங்கிப் பட்டறை வைத்திருந்த சிறு முதலாளிகள் வீட்டை விற்றார்கள். துணியை லாரியில் ஏற்றி வேறு ஊர்களுக்குச் சாயமேற்ற அனுப்பினார்கள்; அங்கெல்லாம் கழிவு எந்த ஓடையில் போனது என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றுக்கு நியாயம் கிடைத்த அந்த நாட்களில், அதற்கான விலையை முதலில் கொடுத்தவர்கள் லாபத்தில் மிகக் குறைவாகப் பங்கு பெற்றவர்களே. இருந்தாலும், அந்தப் பூட்டு போடப்பட்டிருக்காவிட்டால் எதுவும் மாறியிருக்காது என்பதே என் முடிவு. தொழிலில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

மாற்றம் வந்ததென்னவோ உண்மை. மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தி அமைக்கப்பட்டு மீண்டும் திறந்தன. இப்போது கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்த் தொட்டியில் சுத்தமாகிறது, பிறகு ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே அழுத்தப்பட்டு, பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பிப் பட்டறைக்கே வந்துவிடுகிறது. எஞ்சும் அடர் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். உப்பை மீட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும், சாதாரண உப்பை விட்டுச் சோடியம் சல்பேட்டுக்குப் பலர் மாறினார்கள். குளிரவைத்தாலே படிகமாகப் பிரிந்துவிடும் என்பதால் அதை மீட்பது எளிது. வாங்கவே வேண்டாம் என்று நான் கணக்குக் காட்டிய சாஃப்ட் ஃப்ளோ எந்திரங்கள் ஊரெங்கும் வந்துவிட்டன. துணியின் எடையைப்போல் ஐந்து, ஆறு மடங்கு நீர் போதும் என்பதால் உப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைந்தது. சாய மூலக்கூறின் இரண்டு முனைகளாலும் இழையைப் பற்றிக்கொள்ளும் சாயங்களுக்கு அதிக விலை கொடுக்கவும் தயங்கவில்லை. இவை எவையும் 2011-க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. கழிவுக்கு விலை வந்ததும் இவற்றின் கணக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். ஊர் அழிந்துவிடும் என்று அன்று நாங்கள் எல்லோரும் அஞ்சினோம். 2024-25 நிதியாண்டில் திருப்பூரின் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

அப்படியானால் ஆற்றைக் காக்க உண்மையில் எவ்வளவு ஆகிறது? ஒரு கிலோ துணிக்கு, அலசும் நீரையும் சேர்த்து, 60 லிட்டர் என்றும், லிட்டருக்கு 20 பைசா என்றும் வைத்துக்கொண்டால் 12 ரூபாய் வருகிறது. 200 கிராம் பனியனுக்கு 2 ரூபாய் 40 பைசா. ஐரோப்பிய நகரத்துக் கடையில் அந்தப் பனியனை வாங்குபவர் இந்தத் தொகையைக் கவனிக்கக்கூட மாட்டார். ஆனால் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்பது சாயப்பட்டறை நடத்துபவரின் லாபத்தைவிடப் பெரிதாக இருக்கும் நாட்களும் உண்டு. பையர், அதாவது வாங்கும் வெளிநாட்டு வணிகர், விலையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஏற்றுமதியாளர் அதற்குள் நூல், நிட்டிங், தையல் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கிறார். கடைசியில் சாயக் கூலியில் கை வைக்கிறார்கள். சாயத்தொழில் நடக்கும் எல்லா ஊர்களிலும் இந்தக் கட்டாயம் இல்லை என்பதால், கழிவை விட்டுவிடுகிற ஊரோடு கழிவை மீட்கிற ஊர் விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. மறைவாகக் கழிவைத் திறந்துவிட்டுப் பிடிபட்ட பட்டறைகளைப் பற்றி இன்றும் செய்தி வருகிறதென்றால், அந்த 2 ரூபாய் 40 பைசாவை யாரும் தம்முடையதாக ஏற்காததே அதன் வேர். மழை நாளில் ஆறு நிறம் மாறி ஓடுவதைப் பார்க்கும்போது ஆத்திரம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் திறந்துவிட்டவரை மட்டும் தண்டித்து இதை முடித்துவிட முடியாது என்று நினைக்கிறேன். நூல் விலையும் தையல் கூலியும் தனித்தனி இனங்களாக இருப்பதைப் போல, நீர் மீட்புச் செலவும் விலைப்பட்டியலில் பேரம் பேச முடியாத தனி இனமாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு ஊரின் நீதிமன்ற ஆணை போதாது. பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் எல்லா இடங்களுக்கும் ஒரே விதி வேண்டும்.

மீட்ட உப்பு முழுவதும் திரும்பப் பயன்படுவதுமில்லை. இரண்டு மூன்று வகை உப்புகள் கலந்து, சாய நிறமும் ஏறி, எதற்கும் உதவாமல் எஞ்சும் கலப்பு உப்பைச் சாக்குகளில் கட்டிக் கொட்டகைகளில் அடுக்குகிறார்கள். கசடில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைச் சூளைகளுக்குப் போகிறது; கலப்பு உப்புக்கு அப்படி எளிதான வழியில்லை. எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும். நீராவிக்கு விறகு வேண்டும். ஆற்றை விட்ட சுமையில் கொஞ்சம் புகைபோக்கி வழியாகக் காற்றுக்கு ஏறியிருக்கிறது. இதைச் சொல்வதால் மீட்கும் முறையே வீண் என்று ஆகிவிடாது. கொட்டகையில் கட்டிக்கிடக்கும் உப்பு, கிணற்றில் கரைந்த உப்பைவிட ஆயிரம் மடங்கு மேல். அதற்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார், என்றாவது அதைப் பிரிக்கும் வழி வந்தால் எடுத்துக்கொடுக்க முடியும். ஆனால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கும் இடம் மாறியிருக்கிறது என்று சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கு எழுதுபவர்கள் மறைக்கக் கூடாது.

ஒரத்துப்பாளையத்துக்கு அருகே, அதே நொய்யல் கரையில், கொடுமணல் இருக்கிறது. சங்கப் பாடல்கள் கொடுமணம் என்று சொல்லும் ஊர் அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பச்சைக்கல்லும் சூதுபவளமும் பட்டை தீட்டப்பட்டன, இரும்பு உருக்கப்பட்டது, அந்தக் கல்மணிகள் தொலைதூர வணிகத்துக்குப் போயின. அகழாய்வில் உலைகளோடு இரும்புக் கசடும் கிடைத்தது. செய்த பொருள்கள் தொலைதூரம் போயிருக்க, கழிவு இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. அந்த இடத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து, ஏற்றுமதி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இங்கேயே தங்கிவிடுவது என்ன என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

அப்பிச்சி 2008-இல் காலமானார். நிலத்தை இப்போது என் மாமா பார்க்கிறார். பாறைப் பாங்கான அந்த நிலத்தடியில் நீர் மெல்லத்தான் நகரும் என்பதால், நல்ல மழை பெய்த ஆண்டுகளில் கிணற்றில் உப்பு கொஞ்சம் இறங்குகிறது. வறண்ட ஆண்டில் மறுபடி ஏறுகிறது. உப்பைத் தாங்கும் தீவனப் புல்லைப் போட்டு நான்கு எருமைகள் வளர்க்கிறார். அணையின் கிளை வாய்க்கால் அவர் நிலத்தின் நடுவே ஓடுகிறது. அதில் தண்ணீர் வந்தே பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சுற்றிலும் சிலர் அதைத் தூர்த்துத் தங்கள் காட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். மாமா மட்டும் ஒவ்வோர் ஆடி மாதமும் அதில் முளைத்திருக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்கிறார். போன ஆடியில் நானும் கூட இருந்தேன். இதையும் சேர்த்து உழுதால் இரண்டு பாத்தி கூடுமே என்று கேட்டேன். "அது தண்ணிக்குன்னு உட்ட எடம், மாப்ள" என்று சொல்லிவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு அடுத்த முள்ளுக்கு நகர்ந்தார்.